கொழும்பில் குடியை விட உதவும் கூட்டத்தைத் தேடிப் போவது எப்படி

கொழும்பில் குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து கதைக்கும் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பதிவு இல்லை, அடையாள அட்டை காட்டத் தேவையில்லை. ஆனாலும் தமிழ் பேசும் ஒருவர் அங்கே ஒரு கதிரையில் போய் உட்கார்வதற்குள் எத்தனையோ தடைகள் வருகின்றன. எங்கே நடக்கிறது என்று தெரியாது. எந்த மொழியில் நடக்கும் என்று தெரியாது. தெரிந்த ஆள் யாராவது கண்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இவை எல்லாவற்றையும் விடப் பெரியது.

தேடத் தொடங்கும்போதே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் உங்களால் போய்ச் சேரக்கூடிய கூட்டம் எதுவோ, அதுதான் உங்களுக்கு நல்ல கூட்டம். மொழி, இடம், ஆட்களின் குணம் எல்லாம் அதற்குப் பிறகு. ஒரு முறை போய்விட்டு வந்ததால் குடியை விட்டவர்கள் மிகக் குறைவு. திரும்பத் திரும்பப் போய்த்தான் பலர் மீண்டிருக்கிறார்கள்.

முதலில் உடம்பு

கூட்டத்தைத் தேடுவதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். போயா தினத்தில் உங்களுக்கு என்ன நடக்கிறது? அன்று பாரும் பூட்டு, மதுக் கடையும் பூட்டு. முதல் நாளே போத்தல் வாங்கி ஒளித்து வைக்காவிட்டால் காலையில் கை நடுங்குகிறதா? வியர்க்கிறதா, வாந்தி வருகிறதா, நெஞ்சு படபடக்கிறதா? கொஞ்சம் குடித்ததும் அதெல்லாம் அடங்கிவிடுகிறதா? ஆம் என்றால் உங்கள் உடம்பு மதுசாரத்துக்குப் பழகிவிட்டது. குடியைத் திடீரென்று நீங்களாகவே நிறுத்தக் கூடாது.

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "இன்றோடு சரி" என்று வைராக்கியத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிக ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பல வருடங்களாகத் தினமும் கடுமையாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆட்கள் தெரிவார்கள், சுவரில் பூச்சி ஊர்வது போலத் தோன்றும், காய்ச்சல் ஏறும். வீட்டில் இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து நூல் கட்டக் கூட்டிப் போகிறவர்களும் உண்டு. இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அந்த நிலைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். குடியை நிறுத்துவதற்கு முன்பே கொழும்பு தேசிய வைத்தியசாலையில், அல்லது களுபோவில, ராகமை போதனா வைத்தியசாலைகளில் ஒன்றில் வைத்தியரைப் பாருங்கள். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்துக்கும் போகலாம். அரச வைத்தியசாலை என்பதால் பணம் தேவையில்லை. தினமும் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். கால் போத்தல் என்று சொல்லிவிட்டு உண்மையில் முழுப் போத்தல் குடிக்கிறவராக இருந்தால், வைத்தியர் தரும் மருந்தின் அளவு பிழைத்துப்போகும். சாராயமா, கள்ளா, கசிப்பா என்பதையும் சொல்லுங்கள். கசிப்புக் குடித்த பிறகு கண் மங்கினால் அது தனி அவசரம். அன்றே, அந்த நேரமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குடியால் உடம்பில் வைட்டமின் பி1 குறைந்திருக்கும் என்பதால் வைத்தியர் அதையும் கொடுப்பார். நடுக்கத்துக்கான மாத்திரையைத் தெரிந்த பாமசியில் கேட்டு வாங்கி நீங்களாகவே போடாதீர்கள். அதுவும் மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம்.

அங்கொடை என்ற பெயரைக் கேட்டாலே நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. அந்தக் கூச்சத்துக்காக உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை. நேரே போகத் தயக்கமாக இருந்தால் நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு முதலில் அழைத்துப் பேசலாம்.

எந்தக் கதவு எதற்கு

"உதவி" என்று சொல்லும்போது பலர் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கொழும்பில் இருப்பவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள் சந்தித்ததில் தொடங்கிய அமைப்பு இது. ஒருவர் நியூயோர்க் பங்குத் தரகர் பில் வில்சன். மற்றவர் அக்ரன் சத்திரசிகிச்சை வைத்தியர் பொப் ஸ்மித். வைத்தியராலும் மனைவியாலும் பாதிரியாராலும் முடியாத ஒன்று, இன்னொரு குடிகாரரோடு மனம்விட்டுப் பேசும்போது முடிகிறது என்பதை அவர்கள் கண்டார்கள். இன்றைக்கும் அதன் அடிப்படை அதுதான். கூட்டத்தில் வைத்தியர் இருக்க மாட்டார், ஆலோசகர் இருக்க மாட்டார். அங்கிருக்கும் எல்லோரும் குடித்தவர்கள். சேர்வதற்கு ஒரே ஒரு தகுதிதான் வேண்டும்: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்.

இரண்டாவது ஆலோசனை. சுமித்ரயோ 1974 முதல் இயங்கும் தொண்டு நிறுவனம். கொழும்பு 7, ஹோர்ட்டன் பிளேசில் இருக்கிறது. அதன் மெல் மெதுர என்ற பிரிவு மது, போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்களையும் அவர்களுடைய குடும்பத்தவர்களையும் சந்திக்கிறது. ஒருவரோடு ஒருவர் தனியாக உட்கார்ந்து பேச விரும்புகிறவருக்கு, கூட்டம் என்றாலே நெஞ்சு அடைக்கிறவருக்கு, இது நல்ல முதல் படி.

மூன்றாவது தொலைபேசி. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இரவு பகல் எந்நேரமும் எடுக்கும். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. மனச்சோர்வோ தனிமையோ அழுத்தும்போது 1333க்கு இலவசமாக அழைக்கலாம். செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற எண்ணம் வந்தால் கூட்ட நாள்வரை பொறுத்திருக்க வேண்டாம். 1926க்கோ 1333க்கோ உடனே அழையுங்கள்.

"இதற்கெல்லாம் அழைத்தால் பொலிஸ் வருமா, கந்தக்காட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கந்தக்காடு போன்ற புனர்வாழ்வு நிலையங்கள் போதைப்பொருள் பாவனையாளர்களுக்கானவை. ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறவரின் பெயரை யாரும் எந்த அரச அலுவலகத்துக்கும் கொடுப்பதில்லை. அங்கே பெயர்ப் பட்டியலே கிடையாது.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது

ஏ.ஏ.க்குப் பொதுவாகச் சொந்தக் கட்டடம் இருக்காது. தேவாலய மண்டபம், பாடசாலை அறை, சமூக நிலையம் என்று கிடைத்த இடத்தில் கூடுவார்கள். அதனால் இடமும் நேரமும் மாறும். இணையத்தில் பழைய பட்டியல் ஒன்றைப் பார்த்துவிட்டு நேரே கிளம்பிப் போனால், பூட்டிய கேட் முன்னால் நிற்க நேரிடலாம். முதல் தடவை வருகிறவருக்கு அந்தப் பூட்டிய கேட் போதும், நேரே பாருக்குத் திரும்புவதற்கு. ஆகவே ஒழுங்கு இதுதான்: பட்டியலைப் பாருங்கள், அழைத்து உறுதிப்படுத்துங்கள், பிறகு கிளம்புங்கள்.

ஏ.ஏ.யின் உலகத் தலைமை இணையத்தளத்தில் நாடு வாரியாகத் தொடர்பு விவரம் இருக்கிறது. இலங்கையைத் தேர்ந்தெடுத்து அங்குள்ள இலக்கத்தையோ மின்னஞ்சலையோ எடுத்துக்கொள்ளுங்கள். இணையம் சரிவராதவர் மெல் மெதுரவிலோ, தன்னைப் பார்க்கும் மனநல வைத்தியரிடமோ, வைத்தியசாலையின் சமூக சேவை உத்தியோகத்தரிடமோ "ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது?" என்று கேட்கலாம்.

அழைப்பதற்கு நல்ல நேரம் காலை. அன்றைய முதல் கிளாசுக்கு முன், தலை தெளிவாக இருக்கும்போது அழையுங்கள். மாலையில் என்றால் "நாளைக்குப் பார்ப்போம்" என்ற குரல் வந்துவிடும். அழைக்க வேண்டியவர் குடிக்கிறவரே. மனைவியோ அண்ணனோ அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் மரியாதையாகப் பேசுவார், தகவலும் தருவார். ஆனால் கடைசியில் "அவரை ஒருக்கால் என்னோடு பேசச் சொல்லுங்கள்" என்றுதான் கேட்பார்.

என்ன சொல்வது என்று யோசித்து யோசித்தே நாட்களைக் கடத்துகிறவர்கள் பலர். இவ்வளவு போதும்: "எனக்குக் குடிப் பிரச்சினை இருக்கிறது. உங்கள் கூட்டத்துக்கு வர வேண்டும்." பெயர் சொல்ல வேண்டியதில்லை. மறுமுனையில் சிங்களம் வந்தால் "தெமள கதா கரன கெனெக் இன்னவாத?" என்று கேளுங்கள். தமிழ் பேசுகிற ஆள் இருக்கிறாரா என்று அர்த்தம். பேச்சை வெட்டுவதற்கு முன் இவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இந்த வாரம் கூட்டம் கட்டாயம் நடக்குமா, போயா அல்லது விடுமுறை குறுக்கிடுகிறதா, எந்த வாசல், எத்தனையாவது மாடி, என்ன மொழி, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா, வாசலில் யாராவது நின்று கூட்டிப் போவார்களா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். புதிதாக வருகிறவரைக் கூட்டிப் போவதைத் தங்கள் கடமையாகவே நினைக்கும் ஆட்கள் அங்கே இருப்பார்கள்.

திறந்த கூட்டம் என்றால் குடும்பத்தவர், மாணவர், அக்கறையுள்ள யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். மனைவியோ நண்பரோ கூட வந்தால்தான் போவேன் என்றால் முதலில் திறந்த கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். யாரும் வேடிக்கை பார்க்கக் கூடாது என்று நினைத்தால் மூடிய கூட்டமே நல்லது.

தமிழில் கிடைக்காவிட்டால்

கொழும்பில் நேரடிக் கூட்டம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ நடந்தால் திரும்பிவிட வேண்டாம். கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் வேலை செய்கிற தமிழர்கள் கடையில், பஸ்ஸில், வைத்தியசாலையில் சிங்களத்தில் சமாளிக்கிறார்கள். அந்தளவு போதும். பாதி விளங்காவிட்டாலும், அறையில் இருப்பவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது முகத்திலேயே தெரியும். நீங்கள் தமிழில் பேச விரும்பினால் பேசலாமா என்று கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர் இரண்டு வரியில் மொழிபெயர்ப்பார்.

ஆனால் மனதின் அடியில் கிடப்பதைச் சொல்லத் தாய்மொழி வேண்டும் என்பதும் உண்மை. அப்பாவைப் பற்றி, பிள்ளையை அடித்த இரவைப் பற்றி, போரில் இழந்தவர்களைப் பற்றி இரவல் மொழியில் எப்படிப் பேசுவது? அதற்கு இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் தமிழில் ஏ.ஏ. கூட்டங்கள் நிறையவே நடக்கின்றன. நேரடிக் கூட்டத்தில் கேட்டால் சூம் வழியாகத் தமிழில் நடப்பவற்றின் விவரத்தை யாராவது தேடித் தருவார்கள். ஏ.ஏ.யின் இணையக் குழுக்களுக்கான பொதுத் தளத்திலும் மொழி வாரியாகத் தேடலாம். இந்திய நேரமும் இலங்கை நேரமும் ஒன்றுதான் என்பதால் மணிக் கணக்குப் பார்த்துக் குழம்பத் தேவையில்லை. சென்னையில் இரவு எட்டு மணி என்றால் வெள்ளவத்தையிலும் எட்டு மணிதான். ஏ.ஏ.யின் அடிப்படை நூலுக்கும் தமிழாக்கம் உண்டு.

சூமில் நுழைவதற்கு முன் திரையில் தெரியும் உங்கள் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். பலரின் கைபேசியில் அலுவலகக் கணக்கும் முழுப் பெயரும் அப்படியே கிடக்கும். கமராவை அணைத்து வைக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இரண்டு அறை அடுக்குமாடி வீட்டில் தனிமை கிடைக்காதவர்கள் இயர்போன் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில், நிறுத்திய வாகனத்துக்குள், காலிமுகத்திடலில்கூட உட்கார்ந்து கேட்கலாம்.

என் அபிப்பிராயம், இரண்டும் வேண்டும். வாரத்துக்கு ஒரு நேரடிக் கூட்டம், எந்த மொழியானாலும் சரி. மிச்ச நாட்களில் தமிழ் இணையக் கூட்டம். திரையில் மட்டும் பழகியவருக்கு இரவு பத்து மணிக்கு வீட்டு வாசலில் வந்து நிற்க ஆள் கிடைக்காது.

யாராவது கண்டுவிட்டால்

கொழும்புத் தமிழர் வட்டம் சின்னது. வெள்ளவத்தையில் ஒருவரைப் பார்த்தால் இரண்டாவது கேள்வியிலேயே எந்த ஊர், யாருடைய மகன் என்பது வந்துவிடும். தங்கச்சிக்குக் கலியாணப் பேச்சு நடக்கும்போது, வேலையில் பதவி உயர்வு வரும்போது, "அவன் குடிகாரர் கூட்டத்துக்குப் போகிறானாம்" என்ற கதை பரவினால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளுகிறவரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

செய்யக்கூடியவை சில. உங்கள் வட்டாரத்துக்கு வெளியே நடக்கும் கூட்டத்துக்குப் போங்கள். வெள்ளவத்தைக்காரர் வத்தளைப் பக்கம் போகலாம், கொட்டாஞ்சேனைக்காரர் தெஹிவளைப் பக்கம் வரலாம். உங்கள் முதற்பெயர் மட்டும் போதும், அதுவும் வேறு பெயராக இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. தொழில், கம்பனி, ஊர் எதையும் சொல்லத் தேவையில்லை. அங்கே கேட்டதை வெளியே கொண்டுபோவதில்லை என்பது ஏ.ஏ.யின் அடிப்படை ஒழுக்கம். தெரிந்த முகம் ஒன்றைக் கண்டால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் பெயரைக் காப்பதில் அவருக்கும் அக்கறை இருக்கும்.

இதையும் சொல்ல வேண்டும். தெருவில் தள்ளாடியபோதே சனம் உங்களைக் கண்டிருக்கிறது. நீங்கள் குடிக்கிறவர் என்பது பெரும்பாலும் உங்களைத் தவிர எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான்.

போகிற நாள்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிறும் மாலை நேரமும் சேர்ந்தால் குடிக்கும் ஆசை கிளம்பும். காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் அடிக்கடி ஓடும். ஆனால் வேலை முடிந்து சனம் வீடு திரும்பும் நேரத்தில் பம்பலப்பிட்டியிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குப் போவதற்கே நெடுநேரம் எடுக்கும். அதைக் கணக்கில் எடுத்துக் கிளம்புங்கள். வழக்கமாக இறங்கும் பாருக்கு முன்னாலுள்ள தரிப்பிடத்தைத் தவிர்க்க முடியுமென்றால் வேறு பாதையில் போங்கள், ஓட்டோக்காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கால் மணி நேரம் முன்னதாகச் சேர்ந்தால் கதிரை அடுக்குகிறவரோடு இரண்டு வார்த்தை பேசலாம். கூட்டம் தொடங்கிய பிறகு கதவைத் திறந்து எல்லாக் கண்களுக்கும் நடுவில் நுழைவதைவிட அது சுலபம்.

அன்றைக்குக் குடித்துவிட்டீர்களா? பல குழுக்களில் அப்படியும் வரலாம், ஆனால் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும்படி சொல்வார்கள். வாகனத்தை மட்டும் நீங்கள் ஓட்டிப் போகாதீர்கள்.

இடம் தேவாலய மண்டபமாக இருந்தால் மதம் மாற்றுவார்களோ என்று யோசிக்க வேண்டாம். அது வாடகைக்கு எடுத்த மண்டபம், அவ்வளவுதான். சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம், பௌத்தர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்வார்கள்.

உள்ளே என்ன நடக்கும்

பெரும்பாலும் ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை. ஒருவர் தலைமை தாங்குவார். அவர் அதிகாரி அல்ல, அந்த நாளுக்கு முறை வந்தவர். ஒரு சின்னப் பிரார்த்தனை, குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த வழியான பன்னிரண்டு படிகளில் ஒரு பகுதி வாசிப்பு, அதன் பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். குடித்தபோது எப்படி இருந்தது, என்ன நடந்து குடியை விட்டார்கள், இப்போது எப்படி இருக்கிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதில்லை, விவாதிப்பதில்லை. நம் வீடுகளில் குடிக்கிறவருக்கு இப்படி ஒரு காது கிடைப்பதே இல்லை. அறிவுரை, அழுகை, ஏச்சு இவைதான் கிடைக்கும். யாரும் இடைமறிக்காமல் ஐந்து நிமிடம் கேட்டிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே உட்கார்ந்தால்தான் புரியும்.

உங்கள் முறை வந்தால் "இன்றைக்கு நான் கேட்க மட்டும் வந்தேன்" என்று சொன்னால் போதும். "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உண்டியல் போல ஒரு பை சுற்றி வரும். மண்டப வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்களே போடும் காசு அது. வெளியாரிடம் ஏ.ஏ. பணம் வாங்குவதில்லை. புதியவர் ஒன்றும் போடத் தேவையில்லை, பையை அடுத்தவரிடம் கொடுங்கள்.

படிகளில் கடவுள் என்ற சொல் வரும், "நாம் விளங்கிக்கொண்ட விதத்தில்" என்ற சேர்க்கையோடு. உங்களுக்கு அது முருகனாக இருக்கலாம், மாதாவாக இருக்கலாம், அந்த அறையில் உள்ள மனிதர்களாகவும் இருக்கலாம். கடவுள் பேச்சே ஒத்துவரவில்லை என்றால் 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி என்ற வேறொரு அமைப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் இணையவழிக் கூட்டங்கள் நடத்துகிறது, ஆன்மிகம் அதில் இல்லை.

கூட்டம் முடிந்ததும் நழுவிவிடாதீர்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகு பிளேன்டீயோடு நிற்கும் பத்து நிமிடத்தில்தான் நடக்கிறது. இரண்டு மூன்று பேரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆண் ஆணிடம், பெண் பெண்ணிடம் வாங்குவது வழக்கம். வீட்டுக்குப் போனதும் அவர்களில் ஒருவருக்கு "பத்திரமாக வந்து சேர்ந்தேன்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். குடிக்கும் ஆசை தலைக்கேறிய இரவில் முன்பின் பேசாத இலக்கத்தை அழுத்துவது கடினம், ஒருமுறை பேசியிருந்தால் கை வரும். நாளடைவில் அவர்களில் மூத்த ஒருவரை ஸ்பொன்சராக இருக்கும்படி கேட்கலாம். படிகளை ஒவ்வொன்றாகக் கடக்கக் கூடவே வருகிறவர் அவர். கடன் கேட்பது, வேலை கேட்பது, சீட்டுப் பிடிப்பது ஆகியவற்றை அங்கே கொண்டுபோகாதீர்கள். யாராவது உங்களிடம் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

பெண்களுக்கு

பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டு விதி 2018 ஜனவரியில் நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே திரும்பக் கொண்டுவரப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அப்படியொரு சூழலில் குடிக்கிற பெண் எவ்வளவு ஒளிந்து வாழ்வார் என்பதை யோசித்துப் பாருங்கள். கூட்டத்துக்குப் போனால் அறையில் நீங்கள் ஒருவர் மட்டுமே பெண்ணாக இருக்கக்கூடும். அழைக்கும்போதே "பெண் உறுப்பினர் ஒருவரோடு பேச முடியுமா?" என்று கேளுங்கள். பெண்களுக்கு மட்டுமான இணையக் கூட்டங்களும் உலகெங்கும் நடக்கின்றன. ஆரம்பத்தில் அதுவே போதும் என்று தோன்றினால் அங்கிருந்தே தொடங்குங்கள். வீட்டில் அடி உதை இருந்தால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

வீட்டில் இருப்பவர்களுக்கு

இதை வாசிப்பவர் மனைவியாகவோ அம்மாவாகவோ இருக்கலாம். உங்களுக்கென்றே அல்-அனன் என்ற அமைப்பு இருக்கிறது. 1951 முதல், குடிக்கிறவரின் குடும்பத்தவர்களுக்காக இயங்குகிறது. அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் போகலாம். ஏ.ஏ.க்கு அழைக்கும்போது அல்-அனன் தொடர்பையும் கேளுங்கள். மெல் மெதுரவுக்கும் நீங்கள் தனியாகப் போகலாம்.

கோவிலில் நேர்த்தி வைப்பதும் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றுவதும் உங்கள் மனதுக்குத் தெம்பு தரும், செய்யுங்கள். ஆனால் "சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடி வெறுத்துவிடும்" என்று யாராவது தரும் மருந்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். குடியை நிறுத்த வைத்தியர்கள் பயன்படுத்தும் டைசல்பிராம் என்ற மருந்து உண்டு. அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்குத் தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போலக் குடிப்பார், அப்போது என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதை எடுப்பதென்றால் அவர் சம்மதத்தோடும் வைத்தியரின் கண்காணிப்போடும் மட்டுமே.

முதல் கூட்டத்துக்குப் பிறகு

ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் ஏ.ஏ.யே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. மூன்று நான்கு இடங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். தொடக்கத்தில் தொண்ணூறு நாட்களில் தொண்ணூறு கூட்டம் என்று ஏ.ஏ.யில் சொல்வார்கள். கொழும்பில் நேரடியாக அது கடினம். இணையக் கூட்டத்தையும் தொலைபேசிப் பேச்சையும் சேர்த்தால் தினமும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். இது வெறும் நம்பிக்கைப் பேச்சும் அல்ல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏ.ஏ.யும் அதற்கு ஆட்களை வழிப்படுத்தும் சிகிச்சையும் மற்றப் பேச்சுச் சிகிச்சைகளைவிட அதிகப் பலன் தந்ததாகக் கண்டது.

ஆபத்தான நாட்களை முன்கூட்டியே குறித்து வையுங்கள். சம்பள நாள், போயாவுக்கு முந்திய மாலை, கலியாண வீட்டு வரவேற்பு, செத்த வீடு, கிரிக்கெட் மெட்ச், நத்தார். அந்த மாலைகளில் கூட்டம் இல்லையென்றால் வாங்கிய இலக்கங்களில் ஒன்றுக்கு முன்பே சொல்லி வையுங்கள்: "இன்றைக்கு ஏழு மணிக்கு அழைப்பேன்." கலியாண வீட்டுக்குக் கட்டாயம் போக வேண்டுமென்றால் சாப்பாட்டு நேரத்துக்குப் போய், போத்தல் திறக்கும் மேசைக்கு ஆட்கள் நகர்வதற்கு முன் கிளம்பிவிடுங்கள். "மருந்து எடுக்கிறேன்" என்ற ஒரு வார்த்தை போதும், யாருக்கும் மேலதிக விளக்கம் தேவையில்லை.

திரும்பவும் குடித்துவிட்டால் ஒளிய வேண்டாம். பலருக்கும் நடந்திருக்கிறது, அந்த அறையில் யாரும் அதிர்ச்சி அடைய மாட்டார்கள். மறுநாள் காலையே அழைத்து "நேற்றுக் குடித்துவிட்டேன், அடுத்த கூட்டம் எப்போது?" என்று கேளுங்கள். ஒரு நாளோடு நில்லாமல் பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால், கூட்டத்துக்கு முன் வைத்தியரைப் பாருங்கள். கொஞ்ச நாள் விட்டிருந்ததால் நடுக்கம் வராது என்று நினைக்காதீர்கள். இரண்டாம் தடவையில் அது முதல் தடவையை விடக் கடுமையாக வரலாம்.